பனிமூட்டத்தை அழிக்காமல் படம் திருத்த: ஸ்னாப்சீடா, லைட்ரூமா, டார்க்டேபிளா?

அக்கா மகன் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறான். இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு. கொழும்பில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் பழைய கெனன் கமரா ஒன்றை வாங்கிக் கொடுத்ததிலிருந்து பையன் விடியற்காலையில் வீட்டில் தங்குவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வந்து உட்கார்ந்தான். "மாமா, எடிட்டிங் படிக்கணும். போன்லயே போதும்ங்கிறான் ஒருத்தன், லைட்ரூம் இல்லாட்டி வேலைக்கே ஆகாதுங்கிறான் இன்னொருத்தன். எதத்தான் மொதல்ல படிக்கிறது?"

நான் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவன். மலைப் படங்கள் என் சொந்த ஆசைக்கு. "லைட்ரூம்" என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். நான் பழகியது அது என்பதைத் தவிர வேறு காரணம் அப்போது என்னிடம் இல்லை. ஒரே படத்தை மூன்றிலும் திருத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

படம் அவனுடையதுதான். லிப்டன் சீட் என்ற மலைமுனையில் காலை ஆறேகால் மணிக்கு எடுத்தது. முன்னால் தேயிலை, அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் தகரக் கூரை, அப்பால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், மேலே வெளுக்கத் தொடங்கிய வானம். கமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரோ, கமராவே சுருக்கித் தரும் ஜேபெக், இரண்டிலும் எடுத்திருந்தான். அந்த அளவுக்குக் கெட்டிக்காரன்.

மென்பொருளுக்குப் போகும் முன் நம் மலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் வரும் "முன் – பின்" படங்களில் பெரும்பாலும் நல்ல வெயில், தெளிந்த காற்று. நமக்கு வாய்ப்பது பனிமூட்டமும் தேயிலைப் பச்சையும். இரண்டும் முழுப் படத்தையும் ஒரே இழுப்பில் மாற்றும் ஸ்லைடர்களுக்குப் பரம விரோதிகள்.

பனியை எடுத்துக்கொள்வோம். மூட்டம் என்பது நமக்கும் மலைக்கும் நடுவில் சிதறிக் கிடக்கும் வெளிச்சம். டீஹேஸ் என்கிற ஸ்லைடர் அந்தச் சிதறிய வெளிச்சம் எவ்வளவு என்று ஊகித்து, அதைப் படத்திலிருந்து கழிக்கிறது. கழித்தால் தூரத்து மலை தெரியும், உண்மைதான். கூடவே மூட்டம் அழுக்கு நீலத்துக்குப் போய், பள்ளத்தாக்கில் யாரோ குப்பை எரித்த மாதிரி ஆகிவிடும். படம் எடுக்க நாலரை மணிக்கு எழுந்து போனதே அந்த மூட்டத்துக்காகத்தானே!

தேயிலை இன்னும் வேடிக்கை. நம் கண்ணுக்குப் பச்சை. ஆனால் கொழுந்தின் நிறத்தில் மஞ்சள் அதிகம்; நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பகுதியில் அது மஞ்சள் கணக்கில்தான் போய் விழும். பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் கொழுந்து அசையாது, மஞ்சளைத் தொட்டால் மலை முழுக்க மாறும். இது தெரியாமல் மொத்த நிறச்செறிவையும் கூட்டுகிறவர்களின் படத்தில் தேயிலை பிளாஸ்டிக் பாய் நிறத்துக்கு வந்துவிடுகிறது. கவ்வாத்து வெட்டிய மலையாக இருந்தால் செம்மண் ஆரஞ்சாகிக் கண்ணைக் குத்தும்.

ஆக, மூட்டத்தைத் தொடாமல் தேயிலையை, தேயிலையைத் தொடாமல் வானத்தை, இப்படிப் படத்தின் ஓர் இடத்தை மட்டும் திருத்தத் தெரிய வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் மாஸ்க். படிக்க வேண்டியது மாஸ்க்தான். மற்றதெல்லாம் அரை நாளில் பிடிபடும். மூன்று மென்பொருளையும் நான் எடைபோட்டதும் இந்த ஒன்றை வைத்தே.

போனில்: ஸ்னாப்சீட்

2011 இல் நிக் சொஃப்ட்வேர் என்ற நிறுவனம் வெளியிட்டது. அடுத்த வருடம் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. காசில்லை, விளம்பரமும் குறுக்கே வராது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் டேட்டா இல்லாமலே வேலை செய்யும். சிக்னலுக்காக, தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்து மேட்டுக்கு ஏற வேண்டிய தோட்டங்களில் இது சின்ன விஷயம் இல்லை.

இதில் செலக்டிவ் என்றொரு கருவி உண்டு. படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தால் புள்ளி ஒன்று விழும். இரண்டு விரலால் விரித்தோ சுருக்கியோ அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் ஆள வேண்டும் என்று சொல்லலாம். அந்த வட்டத்துக்குள்ளும், புள்ளி விழுந்த இடத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒத்த பகுதிகளைத்தான் அது பிடித்துக்கொள்ளும். மருமகனின் படத்தில் மூட்டத்தின் மேல் ஒரு புள்ளி, தேயிலையில் இரண்டு. பத்து நிமிடத்தில் பார்க்கும்படியான படம் வந்தது. மாஸ்க் என்றால் என்ன என்பதை இவ்வளவு சுலபமாகப் புரிய வைக்கும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை. செய்த ஒவ்வொரு திருத்தமும் வரிசையாகப் பதிவாகியிருப்பதால், மூன்றாவது படிக்குத் திரும்பிப் போய் அதை மட்டும் மாற்றவும் முடியும்.

குறை எங்கே என்றால், அவன் கமராவின் ரோ கோப்பை என் போனில் உள்ள ஸ்னாப்சீட் திறக்கவில்லை. டிஎன்ஜி வகை ரோவைத்தான் ஏற்கிறது. அதனால் ஜேபெக்கில் வேலை செய்தோம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அந்தக் கமராவின் 14 பிட் ரோவில் 16,384. வெயிலில் எடுத்த படத்துக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மூட்டத்தில் படும். மூட்டம் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மெல்ல இறங்குகிற இடம். அங்கே கொஞ்சம் கொன்ட்ராஸ்ட் ஏற்றியதுமே படி படியாகக் கோடுகள் தெரிந்தன, தேயிலைச் சரிவில் வெட்டிய பாதைகள் மாதிரி. தேயிலையின் மஞ்சளை மட்டும் தனியாகக் குறைக்க வழியும் என் போனில் உள்ள பதிப்பில் இல்லை.

இருட்டையும் வெளிச்சத்தையும் மிகையாக இழுத்துக் காட்டும் எச்டிஆர் ஸ்கேப் என்ற பொத்தான் பக்கம் போகவே வேண்டாம். நம் ஊர்ப் படங்கள் பாதி கெட்டுப்போனது அதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

போனில் லைட்ரூமும் கிடைக்கிறது. அதன் இலவசப் பதிப்பில் நிறங்களைத் தனித்தனியாகத் தொடலாம், தேயிலைக்கு அது பெரிய உதவி. மாஸ்குக்கும், வெளிக் கமராவின் ரோவுக்கும் காசு கேட்கிறது.

காசு கட்டி: லைட்ரூம் கிளாசிக்

அடோபி இதை 2007 இல் கொண்டுவந்தது. ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பு 2015 இல் வந்த லைட்ரூம் 6. 2017 இலிருந்து சந்தாதான்.

வேலைத் திறமையில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருமகனின் ரோ கோப்பைத் திறந்து "வானத்தைத் தேர்ந்தெடு" என்று அழுத்தினால் சில விநாடிகளில் வானம் தனியாகப் பிரிந்து நிற்கிறது. 2021 இல் வந்த வசதி அது. மலை விளிம்பு மூட்டத்தில் கரையும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. எது வானம், எது பனி என்று நமக்கே தெரியாத இடம், அதைக் குறை சொல்லி என்ன பயன்? வெளிச்ச அளவை வைத்து அந்த மாஸ்கைக் குறுக்கினேன், சரியாகிவிட்டது. மஞ்சளைக் கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளி, செறிவைக் குறைத்தேன். மொத்தம் ஏழு நிமிடம்.

அது முழுமையாக ஜெயிக்கிற இடம் வேறொன்று. ஹக்கலைப் பக்கத்துக் காட்டில் மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்றை மருமகன் எடுத்திருந்தான். இலங்கையின் உயர்ந்த மலைக்காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி. மரத்தடி இருட்டில் கமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றி எடுத்ததால் உடம்பெல்லாம் ரவை தூவிய மாதிரி இரைச்சல். 2023 இல் லைட்ரூமில் வந்த டினோய்ஸ் அந்த ரவையைத் துடைத்துவிட்டு, செதில்களை ஒவ்வொன்றாகக் காட்டியது. என் கணினியிலேயே ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரும் நேரம் பிடித்தது. அவன் லெப்டொப் என்றால் சோறாக்கிவிட்டே வரலாம். அந்த வேலைக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் தேவை. பறவை, பூச்சி, ஓணான் என்று காட்டுக்குள் திரிகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். திறந்த மலைக்காட்சிக்கு இது அவ்வளவு தேவைப்படாது.

இனி காசு. திட்டத்தைப் பொறுத்து மாதம் ஏறத்தாழ 10 முதல் 20 டொலர். 2022 மார்ச் வரைக்கும் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 300 ஐத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சந்தா என்பது டொலரோடு கட்டிய கயிறு, அது ஏறினால் நம்மையும் இழுக்கும். இன்றைய கணக்கில் குறைந்தது 3,000 ரூபாய் என்று வைத்தாலும், தோட்டத் தொழிலாளருக்கு 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது இரண்டு நாள் கூலிக்கும் மேல். மாதா மாதம். கட்டுவதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு ஒத்துவரும் வங்கி அட்டை வேறு வேண்டும். சந்தாவை நிறுத்தினால் பழைய படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம்; திருத்துகிற பகுதி மட்டும் பூட்டிக்கொள்ளும்.

"கிரெக் போட்டுக் குடுப்பாங்களே மாமா" என்றான், காசு கட்டாத திருட்டுப் பிரதியைச் சொல்கிறான். எனக்கும் ஒரு கடையில் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வந்த வைரஸ் ஒரு கல்யாண ஆல்பத்தையே தின்றது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொன்ன அந்த வாரத்தை இன்னும் மறக்கவில்லை.

காசில்லாமல்: டார்க்டேபிள்

இது திறந்த மூல மென்பொருள். 2009 இலிருந்து இருக்கிறது. விண்டோஸுக்கு ஒழுங்கான பதிப்பு 2017 கடைசியில்தான் வந்தது. கணக்குத் திறக்க வேண்டாம், இணையம் வேண்டாம், யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம்.

முதல் முறை திறந்தபோது மருமகன் முகம் சுருங்கிப்போனது. "என்ன மாமா, கமராவுல பாத்தத விட மோசமா இருக்கு?" ஆமாம், அப்படித்தான் இருக்கும். கமராவின் திரையில் தெரிவது கமரா தானே சமைத்துப் பரிமாறிய ஜேபெக். டார்க்டேபிள் காய்கறியைப் பச்சையாக முன்னால் வைக்கிறது, நறுக்குவதிலிருந்து நாம்தான். இடது வலதாக எத்தனையோ மொடியூல்கள், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவிப் பெட்டி, ஒவ்வொன்றின் பெயரும் பௌதிகப் பரீட்சை மாதிரி. பாதிப் பேர் முதல் வாரத்திலேயே அழித்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எட்டு மொடியூல் போதும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலைக்குக் கலர் கலிப்ரேஷன், ஒளியைத் திரைக்கு அடக்கும் சிக்மொய்ட், வெட்டுவதற்கு க்ரொப், லென்ஸ் திருத்தம், இரைச்சலுக்கு டினோய்ஸ் புரொஃபைல்ட், நிறங்களைத் தனித்தனியாகத் தொட 2024 இல் சேர்ந்த கலர் ஈக்வலைசர், கடைசியாகக் கூர்மை. மற்றதை ஆறு மாதத்துக்குத் திறக்கவே கூடாது என்றேன்.

அதன் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. டார்க்டேபிளில் ஏறக்குறைய எந்த மொடியூலுக்கும் மாஸ்க் போடலாம். வானத்திலிருந்து கீழே இறங்கும் சாய்வு மாஸ்க் ஒன்றை வரைந்தோம். அதோடு, "இந்த வெளிச்சத்துக்கு மேலே உள்ள இடம் மட்டும்" என்று இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தோம். மாஸ்க் எங்கே விழுகிறது என்பதை மஞ்சள் நிறத்தில் பூசிக் காட்டும். ஸ்லைடரின் முக்கோணத்தை மெல்ல நகர்த்த நகர்த்த, மஞ்சள் முதலில் தகரக் கூரையை விட்டு விலகியது, அப்புறம் தேயிலையை விட்டு, கடைசியில் மூட்டமும் வானமும் மட்டும் மஞ்சளில் நின்றன. மருமகன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். லைட்ரூம் ஒரு சொடுக்கில் செய்துவிடும் வேலைதான் இது. ஆனால் எந்த வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தன் படத்தையே அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

மூன்றிலும் வந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லைட்ரூம், டார்க்டேபிள் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்தில்தான் வித்தியாசம்: டார்க்டேபிளில் எங்களுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. ஓணான் படத்தில் டார்க்டேபிள் தோற்றது. ரவை குறைந்தது, செதில்களும் கொஞ்சம் மழுங்கின.

ரோ தெரப்பியும் இலவசம், மூட்டம் இல்லாத படத்தில் கூர்மை அருமை. ஓர் இடத்தை மட்டும் திருத்தும் வசதி 2022 இல் வந்த 5.9 பதிப்பில்தான் சேர்ந்தது, பழகவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிம்ப் 1996 இலிருந்து இருக்கிற மகாராஜா. ஆனால் ரோவைத் தானே திறக்காது, டார்க்டேபிளிடமோ ரோ தெரப்பியிடமோ அனுப்பித்தான் வாங்கிக்கொள்ளும். மலைப்படத்துக்கு முதல் மென்பொருள் அது இல்லை.

யாரிடம் படிப்பது?

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஓரிடத்தில் மூன்று மாத வகுப்புக்குக் காசு கட்டினேன். மூன்று மாதமும் கல்யாண ஆல்பத்துக்கு மாலையும் மயிலிறகும் வெட்டி ஒட்டுவதுதான் பாடம். பிழைப்புக்கு உதவியது, மறுக்க மாட்டேன். மலைப் படத்துக்கு ஒன்றும் உதவவில்லை. வகுப்புக்குக் காசு கட்டும் முன், பாடம் நடத்துகிறவர் எடுத்த மலைப் படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

யூடியூபில் எல்லாம் கிடைக்கிறது, லைட்ரூமுக்கு மிக அதிகம், டார்க்டேபிளுக்குக் குறைவு. ஒரு வீடியோவைப் பார்த்து முடித்ததும் அதே வேலையைச் சொந்தப் படத்தில் செய்யாமல் அடுத்ததற்குப் போவதுதான் பெரிய வியாதி. ப்ரீசெட் வாங்குவது அதைவிட மோசம். எங்கோ வெயிலில் எடுத்த படத்துக்குச் செய்த திருத்தம் அது, நம் பனிக்கு எப்படிப் பொருந்தும்?

எது படித்தாலும் திரையைக் கவனிக்க வேண்டும். ஒரு வருடம் நாட்காட்டி அடிக்கப் பன்னிரண்டு படங்களை இரவில் உட்கார்ந்து திருத்தினேன். லெப்டொப் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தேன். அச்சாகி வந்தபோது ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே இருட்டு. அச்சகத்தில் சண்டை போடப் போய், அவர்கள் திரையில் என் படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். இப்போது திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துத்தான் வேலை செய்கிறேன், படத்தில் இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் பார்க்கிறேன். போன் திரைகள் நிறத்தைக் கூட்டிக் காட்டும். "விவிட்" என்று இருப்பதை அணைத்துவிட வேண்டும். பழைய லெப்டொப் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே மூட்டம் காணாமல் போகும், நேரே உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி.

இதற்கிடையில் மருமகன் ஸ்னாப்சீடின் ஹீலிங் கருவியால் தகரக் கூரையைத் தேய்த்து அழித்துவிட்டான். இரண்டு விநாடி வேலை, சுத்தமாகப் போய்விட்டது. "ஏண்டா அழிச்ச?" என்றேன். "அழகா இல்லியே மாமா." அந்தக் கூரைக்குக் கீழேதான் அவன் அம்மாச்சி பிறந்தாள். கரண்ட் வயர் குறுக்கே போனால் நானும் எடுத்துவிடுவேன், அதில் எனக்கு மனசாட்சி உறுத்துவதில்லை. கூரையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். வரிசையில் ஒரு படி பின்னால் போனான், வந்துவிட்டது.

ஆக என் பதில் இது. கையில் போன் மட்டும் இருக்கிற பிள்ளை ஸ்னாப்சீடில் செலக்டிவ் கருவியை ஒரு மாதம் பழகட்டும். அப்புறம் லைட்ரூமின் இலவசப் பதிப்பில் நிறத்தைப் பழகட்டும். படத்தால் காசு வரத் தொடங்கியவர், அல்லது காட்டுக்குள் பிராணிகளை எடுக்கிறவர் லைட்ரூமுக்குக் கட்டலாம், மிச்சமாகும் நேரமே அந்தக் காசைத் தரும். மருமகனுக்கு லெப்டொப் இருக்கிறது, ரோ எடுக்கும் கமரா இருக்கிறது, ரிசல்ட் வரும்வரை நேரமும் நிறைய இருக்கிறது, மாதச் சம்பளம் மட்டும் இல்லை. அவனுக்கு டார்க்டேபிள். நாளைக்கு யாராவது ஸ்டூடியோவில் லைட்ரூமைக் கொடுத்தால் இரண்டு நாளில் பிடித்துக்கொள்வான். ஒரு சொடுக்கு மாஸ்கில் தொடங்கியவன் பிறகு டார்க்டேபிளுக்கு வருவது நடக்கிற காரியம் இல்லை, நானே சாட்சி. இத்தனை வருடத்தில் நான் வரவில்லை.

போன வாரம் முப்பது படங்களைத் திருத்தி எடுத்து வந்தான். என் கணினியில் திறந்தால் ஒன்றிலும் திருத்தம் இல்லை, எல்லாம் கமராவிலிருந்து வந்த மாதிரியே மங்கலாகக் கிடந்தன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பை டார்க்டேபிள் எழுதி வைக்கும், செய்த திருத்தமெல்லாம் அதற்குள்தான். பையன் அதை வைரஸ் என்று நினைத்து, பென் டிரைவில் ஏற்றும் முன் ஒன்று விடாமல் அழித்திருக்கிறான். நல்ல காலம், டார்க்டேபிள் அதே விவரத்தைத் தன் தரவுத்தளத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டு இரவு போன் எடுத்தான். முப்பதும் இருந்தன, கூரையோடு.